கம்பெனிய யாருக்கு வித்தா நமக்கு நல்லது: வெளிநாட்டுக்காரனா, சென்னை குரூப்பா, மொதலாளி பையனே நடத்தறதா?

கோயமுத்தூர்ல எங்க பம்ப் கம்பெனிய ஐரோப்பாக்காரங்க வாங்கறது கிட்டத்தட்ட முடிவாயிருச்சுங்க. கேண்டீன்ல வேற பேச்சே இல்ல, வெள்ளக்காரன் வந்தா சம்பளம் ஏறும்னு ஒரு கோஷ்டி, சென்னை குரூப்புக்காவது குடுத்திருக்கலாம்னு இன்னொண்ணு, பையனே பாத்துக்கிட்டா என்னன்னு பழைய ஆளுக. அசெம்பிளில நிக்கறவன் கணக்குல மூணையும் பாக்கறேன், ஷேர் வெல நமக்கெதுக்கு.

பையன் நடத்துனா மொத கொஞ்ச நாளைக்கு எதுவும் மாறாது. புள்ளைக்கு கல்யாணம்னு போய் நின்னா அட்வான்ஸ், மாரியம்மன் நோம்பிக்கு லீவு, தீபாவளிக்கு 20 சதவீதம் போனஸ் (சட்டப்படி 8.33 குடுத்தாலே போதும்), ஆனா இதெல்லாம் பெரியவரு, அதான் இப்ப இருக்கற மொதலாளி, வாய்ச்சொல்லுல ஓடுறது, பேப்பர்ல ஒண்ணும் கெடையாது. பையனுக்கு பம்ப்ல மனசும் இல்லீங்க, அவினாசி ரோட்டுப் பக்கம் லேண்டு விக்கற வெலைக்கு வார்ப்பு போடற பவுண்டரிய மூடிட்டா லாபம்னு அவரே பேசுனத கேட்டவங்க இருக்காங்க.

சென்னை குரூப்னா பயம் கம்மி. 2012ல சாந்தி கியர்ஸ முருகப்பா குரூப்போட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வாங்குச்சு, இன்னைக்கும் அதே பேர்லதான் ஓடுது. நமக்குத்தான் அப்படி ஒரு ஆளு வரல.

இப்ப வெளிநாட்டுக்காரன். சேப்டி, ஓவர்டைம் கணக்கு, லீவு எல்லாம் எழுத்துல வரும், சூப்பர்வைசர் மூஞ்சிய பாத்து லீவு கேக்க வேண்டியதில்ல, இது சின்ன விசயமில்லீங்க. ஜெர்மனி பம்ப் கம்பெனி கேஎஸ்பி கோயமுத்தூர்ல பிளாண்ட் வெச்சு நடத்திட்டுதான் இருக்குது, அதனால வெளிநாட்டுக்காரன்னாலே மூடிருவான்னு சொல்றதும் சும்மா. ஆனா இவங்க நம்ம பிளாண்டுக்காக வாங்கறாங்களா, டீலர் நெட்வொர்க்குக்காகவாங்கறதுதான் கேள்வி, டீலருக்காகன்னா மோட்டார வேற எடத்துல பண்ணி இங்க ஸ்டிக்கர் ஒட்டிக்கலாமே. மொத அடி கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் கம்பெனிக்கு பார்ட் செஞ்சு குடுக்கற ஜாப் ஆர்டர்காரங்களுக்குத்தான், வெண்டார் ஆடிட்டு சர்டிபிகேட்டுன்னு வந்தா ரெண்டு லேத்து வெச்சிருக்கற எம் மச்சான் எங்க போவாரு. காண்ட்ராக்ட் பசங்களுக்கோ மூணு பேர்ல யார் வந்தாலும் ஒண்ணுதான்.

இருந்தாலும் என் ஓட்டு வெளிநாட்டுக்காரனுக்குத்தான், ஒரு கண்டிசனோட. ஷேர வாங்குனா கம்பெனி அதேதான், நம்ம சர்வீஸ் அப்படியே தொடரும். பிளாண்ட மட்டும் தனியா வாங்குனா ஓனரே மாறுறாரு, அப்போ பழைய சர்வீச விடாம எடுத்துக்கறோம், சம்பளம் சலுகை கொறையாதுன்னு அவங்க ஒத்துக்கணும், இல்லாட்டி வருசத்துக்கு 15 நாள் சம்பளம்ங்கற கணக்குல நஷ்டஈடு குடுக்கணும். கிராஜுவிட்டியும் (வேலைய விட்டுப் போறப்ப சர்வீசுக்கு குடுக்கற பணம்) இதுலதான் மாட்டுது. பேசிக்கும் டிஏவும் (பஞ்சப்படி) சேத்து 26,000 வாங்கற ஆளுக்கு 20 வருச சர்வீசுக்கு 3 லட்சம் வரும் (26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, வருசத்தால பெருக்குங்க), அந்த சர்வீச அழிச்சிட்டு புதுசா சேந்த மாதிரி காட்டுனா பர்மனென்ட் ஆளு மறுபடி 5 வருசம் ஓட்டுனாத்தான் கிராஜுவிட்டியே.

பெரியவரு குடுத்த அட்வான்சு இவங்க குடுக்கமாட்டாங்க, அது போனது போனதுதான், அதுக்காக யூனியன்ல மல்லுக்கட்டி பிரயோஜனமில்ல. கேட் மீட்டிங்ல ஷேரா, பிளாண்டாங்கறத மட்டும் எழுத்துல கேளுங்க, நடுவுல எச்ஆர்ல கூப்புட்டு புது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எதையாச்சும் நீட்டுனா சேந்த தேதின்னு என்ன போட்டிருக்குதுன்னு பாக்காம கையெழுத்து போட்றாதீங்க.