சி.டி.சி. வொண்டர்: லூபஸ் இறப்புக் கணக்கைத் தேடுபவர்களுக்கு

என் தங்கைக்கு லூபஸ், உடலின் நோயெதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய். இந்த நோயால் யார், எந்த வயதில் அதிகம் இறக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, இங்கே அமெரிக்காவில் நான் அடிக்கடி போகும் இடம் சி.டி.சி. வொண்டர். சி.டி.சி. என்பது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், வொண்டர் அதன் இலவசத் தரவுச் சேவை. பயன்பாட்டு நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால் போதும், யாரும் நுழையலாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன்.

நாடு முழுக்கப் பதிவாகும் இறப்புச் சான்றிதழ்கள்தான் இதன் அடிப்படை. நோய்க் குறியீட்டில் லூபஸுக்கான எம்32 என்பதைத் தேர்ந்தெடுத்து, பாலினம், வயது, இனம், மாநிலம் என்று பிரித்துக் கேட்கலாம். 1999க்கு முந்தைய ஆண்டுகளுக்குக் குறியீடு வேறு, 710.0. வயது வேறுபாட்டைச் சமன்செய்த விகிதத்தையும் அதுவே போட்டுத் தருகிறது. வெள்ளையர்களின் சராசரி வயது மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், சமன்செய்யாமல் ஒப்பிடவே கூடாது.

இதே வகைச் சான்றிதழ்களிலிருந்து வந்த செய்திகள் சாதாரணமானவை அல்ல. 1979இல் 879ஆக இருந்த லூபஸ் இறப்புகள் 1998இல் 1,406 ஆயின. ஆண்களைவிடப் பெண்களின் இறப்பு விகிதம் ஐந்து மடங்கு, வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரின் விகிதம் மூன்று மடங்கு. 2000 முதல் 2015 வரையிலான தரவில், 15 முதல் 24 வயதுக் கறுப்பின, ஹிஸ்பானிய (லத்தீன் அமெரிக்க வழிவந்த) பெண்களிடையே, விபத்து, கொலை, தற்கொலையை ஒதுக்கிவிட்டால், லூபஸ் ஐந்தாவது பெரிய இறப்புக் காரணம். கல்லூரிக்குப் போகிற வயது அது. இந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சரி, ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது? வொண்டர் தரும் விகிதத்தில் வகுக்கும் எண் மொத்த மக்கள்தொகை, லூபஸ் நோயாளிகள் அல்ல. கறுப்பினப் பெண்களுக்கு லூபஸ் வருவதே அதிகம். ஆகவே அந்த மூன்று மடங்கில், நோய் அதிகம் வருவதும், வந்தவர்கள் சீக்கிரம் இறப்பதும் கலந்து கிடக்கின்றன. நோய் வந்தபின் என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி. அதற்கு நோயாளிகளையே பின்தொடர்ந்த ஆய்வுகள் வேண்டும். மெடிகெய்டு என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீட்டில் இருந்த லூபஸ் நோயாளிகளை 2000 முதல் 2006 வரை அப்படிப் பார்த்த ஆய்வில், வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரும் அமெரிக்கப் பூர்வகுடிகளும் அதிகம் இறந்திருந்தார்கள், ஹிஸ்பானியரும் ஆசியரும் குறைவாக. வொண்டரை மட்டும் பார்த்தால் இந்தப் பிரிவு பிடிபடாது.

அப்புறம், சான்றிதழில் லூபஸ் என்று எழுதப்படாமலே போவதும் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு, தொற்று, மாரடைப்பு என்று கடைசியில் நடந்தது மட்டும் பதிவாகும். அதனால் 'அடிப்படைக் காரணம்' தரவுத்தளத்தோடு நிறுத்தாமல் 'பல காரணங்கள்' தரவுத்தளத்திலும் அதே கேள்வியைப் போடுங்கள். லூபஸ் துணைக் காரணமாக எழுதப்பட்டவர்களும் அதில் வருவார்கள். எங்குமே எழுதப்படாதவர்கள் இதிலும் கிடைக்க மாட்டார்கள்.

பத்துக்குக் குறைவான இறப்புகளை எண்ணாகக் காட்ட மாட்டார்கள். இருபதுக்குக் குறைவானால் விகிதத்துக்குப் பதில் 'நம்பகமற்றது' என்று வரும். தனியுரிமைக்காகவும் துல்லியத்துக்காகவும் வைத்த விதிகள், எனக்கு உடன்பாடுதான். ஆனால் சிறிய மாநிலம், சிறிய சமூகம் என்று இறங்கினால் கட்டங்கள் காலியாகிவிடும். பல ஆண்டுகளைச் சேர்த்துக் கேட்டால் ஓரளவு நிரம்பும். ஆசியர்களைத் தேடுபவர்கள் 2018 முதலான தரவுத்தளத்தில் தொடங்குங்கள். 1999 முதல் 2020 வரையிலான பழையதில் ஆசியரும் பசிபிக் தீவினரும் ஒரே கூட்டமாகத்தான் இருப்பார்கள்.