மூங்கிலில் பூஞ்சணம்: தாவர எண்ணெய்கள் எத்தனை நாள் தாங்கும்?

லவங்கப்பட்டை எண்ணெயோ கிராம்பு எண்ணெயோ தடவிய மூங்கிலில் முதல் மாதம் பூஞ்சணம் எட்டிப் பார்க்காது. அதை வைத்து மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. ஒரு ஈரக்காலம் முழுதாகக் கழிந்த பிறகு அதே மூங்கில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் தேறுபவை ஒன்றிரண்டுதான். எல்லோரும் முதலில் கையில் எடுக்கும் வேப்பெண்ணெய் அதில் சேராது.

பூஞ்சணம் பிடித்த மூங்கிலின் வெட்டுமுனையை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். கரும்புள்ளிகளாகத் தெரியும் நார்க்கற்றைகள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அவற்றுக்கு இடையே உள்ள வெளிறிய மென்பகுதியில்தான் பஞ்சு போலக் கிளம்பியிருக்கும். மாவுச்சத்தும் சர்க்கரையும் அங்கேதான் சேர்ந்து கிடக்கின்றன. வெளித்தோலை நெருங்க நெருங்க நார் நெருக்கமாகும். உட்சுவரை நோக்கிப் போகப் போக மென்பகுதி கூடும். அதனால் பிளந்த மூங்கிலில் உள்பக்கம் முதலில் கறுக்கும், பளபளப்பான வெளித்தோல் கடைசியில். அந்தத் தோலில் மெழுகும் சிலிக்காவும் இருப்பதால் எந்த மருந்தும் அதன் வழியே உள்ளே போகாது. மரத்தில் இருப்பது போலத் திரவத்தைக் குறுக்கே கடத்தும் கதிர்த் திசுவும் மூங்கிலில் இல்லை. வெளியே மூன்று கோட் அடித்தாலும் வீண். வெட்டுமுனை, உட்சுவர், துளை போட்ட இடம், கணுவைச் சீவிய தழும்பு, இந்த நான்கும் நனைந்தால் போதும்.

எண்ணெய்க்கு முன்னால் மூங்கிலைத் தயார் செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த கழியைத் தொடாதீர்கள். பிளந்த துண்டுகளை ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள், நடுவில் ஒருமுறை நீரை மாற்றுங்கள். பழுப்பாக இறங்கும் அந்த நீரில் பூஞ்சணத்தின் சாப்பாடு கணிசமாகப் போய்விடுகிறது. பிறகு நிழலில் காற்றோட்டமாகக் காய வைத்து ஈரத்தை 15 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். மரத்துக்கான ஈரமானி மூங்கிலில் சரியாகக் காட்டாது, எடை போட்டுப் பார்ப்பதே நம்பகம். ஒரு சிறு துண்டை எடை போட்டு, 103 டிகிரி அடுப்பில் எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை வைத்து, மறுபடி எடை போடுங்கள். 57.5 கிராம் 50 கிராம் ஆனால், இழந்த 7.5-ஐ 50-ஆல் வகுக்க 15 சதவீதம்.

இனி எண்ணெய்கள். லவங்கப்பட்டை எண்ணெயில் வேலை செய்வது சின்னமால்டிஹைடு. வாங்கும்போது ஒரு குழி இருக்கிறது: பட்டையில் இருந்து எடுத்ததில்தான் அது மிகுதி. இலையில் இருந்து எடுத்ததில் பெரும்பங்கு யூஜினால், அதாவது கிராம்பு எண்ணெயின் சரக்கு. புட்டியில் 'லவங்கம்' என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் கலவைக்கு 95 சதவீத எத்தனால் 850 மி.லி., பட்டை எண்ணெய் 30 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 120 மி.லி. முதலில் எண்ணெயை எத்தனாலில் கரைத்துவிட்டு நீரைக் கடைசியில் ஊற்ற வேண்டும். கலங்கினால் எத்தனால் போதவில்லை என்று அர்த்தம், தெளியும் வரை இன்னும் கொஞ்சம் சேருங்கள். கை சுத்திகரிப்புத் திரவத்தை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். அதில் உள்ள கிளிசரின் மூங்கிலிலேயே தங்கி ஈரத்தை இழுக்கும். பாலிசார்பேட் போன்ற பால்மமாக்கியை வைத்து நீரிலேயே கலக்கலாம்தான், ஆனால் காய்ந்த பிறகு பிசுபிசுப்பு மிஞ்சும், தூசி ஒட்டும், தூசி மேல் பூஞ்சணம் ஏறும். இது நாள்பட்ட பிறகுதான் தெரியவரும் குறை.

துண்டுகளைப் பத்து நிமிடம் முக்கி, மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்து, பிறகு உலர்த்துங்கள். முழுக்கழி என்றால் 10–12 மி.மீ. கம்பியால் உள்ளே கணுத் தடுப்புகளைக் குத்தி, கலவையை ஊற்றி, உருட்டி, வடித்துவிட வேண்டும். நைட்ரைல் கையுறை கட்டாயம். சின்னமால்டிஹைடு தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும், ஒருமுறை கிளம்பினால் அடுத்தமுறை சொட்டுப் பட்டாலே அரிக்கும். எத்தனால் ஆவி இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது.

இவை எல்லாமே பறந்துபோகிற சரக்கு. எலுமிச்சைப்புல் எண்ணெயின் சிட்ராலின் கொதிநிலை ஏறத்தாழ 229 டிகிரி, ஓமத்தில் உள்ள தைமாலுக்கு 232, சின்னமால்டிஹைடுக்கு 248, யூஜினாலுக்கு 254. திறந்த இடத்தில் சிட்ரால் முதலில் காணாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, மூங்கிலுக்கு அது போதாது. சின்னமால்டிஹைடு பறப்பதோடு காற்றுப் பட்டு மெல்ல சின்னமிக் அமிலமாகவும் மாறும். வெளிர் மூங்கில் கொஞ்சம் மஞ்சளிக்கும். அப்படி இருந்தும் பூஞ்சணத்தை அடக்குவதில் முதலிடம் அதற்குத்தான். மூடிய அலமாரிக்குள் ஆவியும் சேர்ந்து காவல் காக்கும், திறந்த முற்றத்தில் அந்த உதவி கிடைக்காது.

வேப்பெண்ணெய் பூச்சிக்குச் சரி. பூஞ்சணத்துக்கு அதன் கொழுப்பே தீனியாகிவிடும் வாய்ப்பு உண்டு. தடவியது காயாமல் பிசுக்காகக் கிடக்கும், அதன் மேலேயே சாம்பல் படலம் படரும். கடுக்காய் நீர் நிறம் தரும், அவ்வளவே. அதன் டானின் என்ற துவர்ப்புச் சரக்கு நீரில் கரைந்து போய்விடும், இரும்பு ஆணி பட்ட இடம் மை கொட்டியது போலக் கறுக்கும். அந்தக் கறுப்பைப் பூஞ்சணம் என்று நினைத்துத் தேய்த்து மெனக்கெடுபவர்கள் உண்டு.

ஆக, பறப்பதைத் தடுக்க மேற்பூச்சு தேவை. பலரும் சறுக்குவது இங்கேதான். கிராம்பு எண்ணெய் பூசிய மூங்கில் மேல் டங் எண்ணெயோ (டங் மரத்தின் கொட்டையில் இருந்து எடுக்கும், காய்ந்து இறுகும் எண்ணெய்) எண்ணெய் வார்னிஷோ அடித்தால் நாள்கணக்கில் காயாது. அந்தப் பூச்சுகள் ஆக்சிஜனை ஏற்று இறுகுபவை. யூஜினால் அதையே தடுக்கும். எண்ணெய் ஓவியம் வரைபவர்கள் வண்ணம் சீக்கிரம் காயாமலிருக்கக் கிராம்பு எண்ணெய் சேர்ப்பது இதனால்தான். தைமாலும் இதே குணம் உள்ள பீனால் வகைச் சேர்மம். இந்த எண்ணெய்களுக்கு நல்ல துணை அரக்கு. 100 மி.லி. எத்தனாலில் 12 கிராம் செதில் அரக்கை ஊறவைத்துக் கரைத்து, அதிலேயே 2 மி.லி. பட்டை எண்ணெயைச் சேர்த்து இரண்டு மெல்லிய கோட் அடிக்கலாம். எண்ணெய் படலத்துக்குள் சிறைப்பட்டு மெல்லக் கசியும். ஈரம் தங்கும் இடத்திலும் சூடான பாத்திரத்துக்கு அடியிலும் அரக்கு வெளுத்துவிடும், அங்கே இது வேண்டாம். ஈரம் போகாத மூங்கிலில் எந்தப் படலம் அடித்தாலும் பூஞ்சணம் அடியிலேயே வளரும், அதைத் துடைக்கவும் முடியாது.

காவல் இன்னும் இருக்கிறதா என்பதை மூக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள், மூக்குக்குப் பழகிவிடும். பூசும் நாளிலேயே சில துண்டுகளையும் சேர்த்துப் பூசி, பொருள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் ஒன்றை எடுத்து ஈரத்துணியோடு டப்பாவில் மூடி, 25–30 டிகிரியில் நான்கு வாரம் விடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் பூசாத துண்டை வேறு டப்பாவில் வைக்க வேண்டும். ஒரே டப்பாவில் வைத்தால் பூசியதன் ஆவி அதையும் காப்பாற்றிச் சோதனையைக் கெடுத்துவிடும். பூசிய துண்டின் பரப்பில் கால் பங்குக்கு மேல் பூஞ்சணம் பிடித்தால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. வெட்டுமுனைகளுக்கும் உட்சுவருக்கும் மட்டும் பூசினால் போதும்.

வெள்ளையாக எதையாவது பார்த்ததும் பதற வேண்டாம். ஓம உப்பு என்று விற்கும் தைமாலை அளவுக்கு மீறிச் சேர்த்திருந்தால் அது மூங்கில் மேலேயே பொடிப்பொடியாகப் படிகமாகும். எத்தனால் தொட்ட பஞ்சால் துடைத்தால் கரைந்து மறையும், ஓம வாசனை கிளம்பும். பஞ்சு போல எழும்பி, துடைத்த இடத்தில் கறை விட்டால் பூஞ்சணம். உலர்ந்த பிரஷால் தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள், இல்லையென்றால் பூஞ்சண வித்து அறை முழுக்கப் பரவும். மாவு போல நுண்ணியதாகக் கீழே கொட்டி, மேலே ஊசித்துளை தெரிந்தால் அது வண்டு. அதற்குச் சுவரில் தொங்கும் கழி, சட்டம் போன்றவற்றில் போராக்ஸ் 30 கிராம், போரிக் அமிலம் 20 கிராம், 950 மி.லி. வெந்நீர் என்று கலந்து ஊறவைப்பதே சரிவரும். சாப்பாடு படும் தட்டு, கரண்டியில் இந்தக் கரைசல் கூடாது.