இசிஎச்எஸ் கார்டு: 2009லேர்ந்து வச்சிருக்கவன் அனுபவம்

ஆர்மில ஹவில்தாரா இருந்து 2009ல பென்ஷன் வந்தேன், அன்னைலேர்ந்து எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் வைத்தியம்னா இசிஎச்எஸ்தான், அதாவது முன்னாள் ராணுவத்தாருக்கு அரசாங்கம் நடத்தற மருத்துவ ஸ்கீம். புதுசா பென்ஷன் வர்ற பசங்க "எப்படிண்ணே இருக்கு"ன்னு போன் போட்டு கேட்டுக்கிட்டே இருக்கானுங்க, சொல்லி மாளல, அதான் எழுதிடறேன்.

நல்லத முதல்ல சொல்லிடணும். 2003 ஏப்ரல்ல ஆரம்பிச்ச ஸ்கீம் இது. பென்ஷன் வரும்போது ஒரே தடவ பணம் கட்டுறோம், இப்ப ரேட் ஹவில்தார் வரைக்கும் 30,000, ஜேசிஓவுக்கு (சுபேதார் மாதிரி ரேங்குக்கு) 67,000, ஆபீசருக்கு 1,20,000. அதுக்கப்புறம் ப்ரீமியம்னு ஒரு பைசா கிடையாது, இத்தன லட்சம்தான்னு லிமிட் கிடையாது, ஏற்கெனவே சுகர் இருக்கான்னு எவனும் நோண்ட மாட்டான். வெளில எந்த கம்பெனி இப்படி தருவான்? ரூல் புக்க படிச்சா கண்ணுல ஒத்திக்கலாம், கவுன்ட்டருக்கு போனாத்தான் தெரியும் சங்கதி.

எங்க பாலிகிளினிக்ல, அதாவது இந்த ஸ்கீமோட சொந்த கிளினிக்ல, காலைல டோக்கனுக்கு பெருசுங்க எல்லாம் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே பரேடு மாதிரி வரிசையா ஃபாலின் ஆகி நிப்பாங்க, பழக்கதோஷம். டாக்டர பாக்கறது ரெண்டு நிமிஷ வேலை, மருந்து வாங்கறதுக்குத்தான் பொழுது போயிரும். சீட்டுல ஆறு மருந்து இருந்தா உள்ள இருக்கறவரு பேனாவ எடுத்து ரெண்ட சுழிச்சு பக்கத்துல என்.ஏ.ன்னு எழுதுவாரு, நாட் அவைலபிளாம். மெட்ஃபார்மின் பொட்டி பொட்டியா கிடக்கும், இன்சுலின்தான் இருக்காது. வெளில வாங்கி பில்ல குடு, பணம் வரும்பாங்க. வரும், எப்பன்னு மட்டும் கேக்கக்கூடாது. சீட்டு இருந்தா சீல் இல்ல, சீல் இருந்தா கையெழுத்து போடுற ஓஐசி சாப் (பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரி) மீட்டிங்ல இருப்பாரு.

இன்னொண்ணு யாரும் பேசறதே இல்ல. மாத்திரை கம்பெனி அடிக்கடி மாறும், உள்ள மருந்து ஒண்ணுதான், ஆனா கலரும் சைஸும் வேற. என் வீட்டுக்காரம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ரோஸ் கலர்னா பிபி, வெள்ளைன்னா சுகருன்னு ஒரு கணக்கு வச்சிருந்தா. ஒரு தடவ பிபி மாத்திரையும் வெள்ளையா வந்துருச்சு, ராத்திரி போட வேண்டியதுக்கு பதிலா கிளிமிபிரைடுங்கற சுகர் மாத்திரைய இன்னொரு தடவ முழுங்கிட்டு வேர்த்து விறுவிறுத்து உக்காந்துட்டா, சர்க்கரைய கரைச்சு வாயில ஊத்தினேன். இப்ப ஒவ்வொரு அட்டை மேலயும் ஸ்கெட்ச் பேனாவால சூரியன், நிலான்னு வரைஞ்சு வச்சிருக்கேன்.

டாக்டருங்கள குத்தம் சொல்ல மனசு வரல. எல்லாம் காண்ட்ராக்ட் போஸ்ட், நல்லா பாக்கறவரு வேற இடம் கிடைச்சா போயிடறாரு, அடுத்தவரு வந்து நம்ம கதைய முதல்லேர்ந்து கேப்பாரு.

பாலிகிளினிக்ல ரெஃபரல் சீட்டு வாங்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு போனா அது ஒரு தனி கூத்து. இசிஎச்எஸ் லிஸ்ட்ல இருக்கற ஆஸ்பத்திரிதான், ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு சிரிச்ச முகமா "எந்த இன்சூரன்ஸ் சார்"னு கேட்டுச்சு, கார்ட காட்டினேன், "பெட் இல்ல சார்"னுச்சு. பின்னாடியே வந்தவரு ஏதோ கம்பெனி இன்சூரன்ஸ் அட்டைய நீட்டினாரு, அவருக்கு மட்டும் மாடில ரூம் இருந்துச்சு. 1999ல பார்டர்ல மலை மேல குளிருல நின்னப்ப இந்த மாதிரி எவனும் அட்டைய கேக்கலையேன்னு வயிறு எரிஞ்சது. ஆனா ஆஸ்பத்திரிக்காரன் பக்கமும் நியாயம் இருக்கு, நமக்கு அவங்க வாங்கறது சிஜிஎச்எஸ் ரேட்டு, அதாவது மத்திய அரசு ஊழியர் மருத்துவ ஸ்கீமுக்கு அரசாங்கம் வச்ச ரேட்டு, அத பல வருஷம் ஏத்தாமலே வச்சிருந்து 2025லதான் ஏத்துனாங்க, அந்த பில்லும் மாசக்கணக்கா நின்னா அவன் எப்படி கூப்பிட்டு படுக்க வைப்பான்.

எமர்ஜென்சி வந்தா மட்டும் இத மறந்துராதீங்க. லிஸ்ட்ல இல்லாத ஆஸ்பத்திரில சேத்தாலும் 48 மணி நேரத்துக்குள்ள பாலிகிளினிக்குக்கு தகவல் போயிடணும். வீட்டுக்காரம்மாவுக்கு ராத்திரில நெஞ்சுவலி வந்து பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரில ஸ்டென்ட் வச்சாங்க, தகவல் சொல்லிட்டேன், எமர்ஜென்சி சர்ட்டிபிகேட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில் எல்லாம் குடுத்தேன், கடைசில ஸ்டென்ட் டப்பா மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எங்கன்னு கேட்டு ஃபைல திருப்பிட்டாங்க. நல்லவேளை ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ல ஒண்ணு ஒட்டி வச்சிருந்தான். பணம் வந்தது, சிஜிஎச்எஸ் ரேட்டுக்குத்தான், மிச்சம் என் கைலேர்ந்து. மத்திய அரசோட புகார் வெப்சைட் சிபிகிராம்ஸ்ல கம்ப்ளெய்ன்ட் போட்டேன், "சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு அனுப்பப்பட்டது"ன்னு பதில் போட்டு க்ளோஸ் பண்ணிட்டாங்க.

இருந்தாலும் விடமாட்டேன் இந்த கார்ட. எங்க செட்ல ஒருத்தருக்கு வாரத்துக்கு மூணு டயாலிசிஸ், வருஷக்கணக்கா ஓடுது, இது இல்லன்னா நிலத்த வித்திருப்பாரு.

முப்பத்தஞ்சு நாப்பது வயசுல பென்ஷன் வர்றவனுக்கு ஒண்ணே ஒண்ணு, சுகர் பிபி எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு பாலிசி தனியா போட்டுக்க. என் வயசுக்கு அவன் கேக்கற ப்ரீமியத்துக்கு பாதி பென்ஷன் போயிரும். எந்த ஆஸ்பத்திரி நெசமாவே கேஷ்லெஸ்ல சேக்கறான்னு வெப்சைட் லிஸ்ட்ட நம்பாத, டோக்கன் லைன்ல நிக்கற பெருசுங்கள கேளு, அவங்ககிட்ட அந்த வார நிலவரமே இருக்கும்.