ரவிவர்மா படம் என்று சொல்லி 42,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்

செட்டிநாட்டுப் பழம்பொருட்களை வாராவாரம் இணையத்தில் ஏலம் விடும் ஒரு பக்கத்துக்கு 42,000 ரூபாய் கட்டினேன். நேற்று படத்தின் மரச்சட்டத்தைப் பிரித்ததும் தெரிந்தது, உள்ளே இருப்பது புது அச்சு. யாரும் அடுத்து மாட்டிக்கொள்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

பாகப்பிரிவினையில் எங்கள் வளவிலிருந்து, அதாவது பூர்வீக வீட்டிலிருந்து, போன லட்சுமி படத்துக்கு ஈடாக ஒன்றை வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். ரவிவர்மா அச்சகத்தில் அடித்து, சேலைக்கு ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டிய படம். 1894-ல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகம் பிறகு லோனாவாலா பக்கம் போனது. அச்சகத்தின் பெயர் படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். ஏலக்காரர் வீடியோவில் அந்த எழுத்தைத்தான் முதலில் காட்டினார். "தேவகோட்டையில இடிக்கிற வீட்டுல எடுத்தது ஆச்சி, நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். எங்கேயோ ஓட்டலுக்குப் போறதுக்கு உங்க வளவுக்கே வரட்டும்" என்றார். அந்தப் பேச்சில் மனசு இளகி அன்றைக்கே முழுப்பணத்தையும் அனுப்பினேன். வந்ததில் பர்மாத் தேக்குச் சட்டம் அசல், பின்னால் அடித்திருந்த துருப்பிடித்த ஆணியும் அசல். படம் மட்டும் பொய்.

கண்ணாடிக்குள் பூஞ்சை போலத் தெரிந்ததால் ஊரில் சட்டம் போடுபவரிடம் கொடுத்தேன். அவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். பழைய படங்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து அடித்தார்கள். புள்ளிகள் சிறிதும் பெரிதுமாக, ஒழுங்கில்லாமல் கிடக்கும். இதில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வரிசை பிசகாத புள்ளிகள், இன்றைய காலண்டரில் இருப்பதுபோல. தாளின் பழுப்பு ஈரத்துணியோடு வந்துவிட்டது. இதற்கா 42,000?

போன் செய்தேன். "பார்சல்ல மாறியிருக்கும், பாக்குறேன் ஆச்சி." அப்புறம், "ஓனர் சிங்கப்பூர்ல இருக்கார்." அப்புறம், "ஏலத்துல எடுத்ததுக்கு ரிட்டர்ன் கிடையாது." கடைசியில் வேறு ஒருவர் எடுத்து, "பில்லைப் பாருங்கம்மா, அலங்காரப் படம்னுதானே போட்டிருக்கோம்" என்றார். பில்லில் ரவிவர்மா பெயரும் இல்லை, காலமும் இல்லை. வாயால் விற்றது நூறு வருஷப் படம், எழுதிக் கொடுத்தது அலங்காரப் படம்! இப்போது என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். 42,000 ரூபாயை விடுவதாக இல்லை.

வாங்குகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். சட்டத்தைப் பிரித்து, படத்தைக் கிட்டத்தில் காட்டாமல் பணம் அனுப்பாதீர்கள். அச்சகத்தையும் காலத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். நூறு வருஷம் என்று சொல்லி விற்றால், 1972 தொல்பொருள் சட்டப்படி வியாபாரி உரிமம் வைத்திருக்க வேண்டும், கேளுங்கள். மங்குச் சாமான் போன்ற பழைய பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி எதுவானாலும் நேரில் போய்த் தொட்டுப் பாருங்கள்.

அதே பக்கத்தில் இந்த வாரம் ஒரு சரஸ்வதி படம் ஏலத்துக்கு வந்திருக்கிறது. அதே மாதிரி தேக்குச் சட்டம், அதே ஜரிகை வேலை. யாரும் ஏலம் கேட்காதீர்கள்.