திரையரங்கில் பார்வையற்றோர்: பக்கத்து இருக்கையின் குரலா, காதொலி விவரணையா?

திருகோணமலையில் விழிப்புலனற்ற ஒருவர் புதுப்படத்துக்குப் போனால், இன்று கைகொடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரின் குரல்தான். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டுப் பழகியவர்கள் வசனத்தைக் கொண்டே கதையைப் பிடித்துவிடுவார்கள். வசனம் குறைந்து காட்சி மிகுந்த இன்றைய படங்களுக்கு அந்தப் பழக்கம் போதாது.

கூட வருபவருக்கு நம் ரசனை தெரியும், கேட்டால் பதிலும் சொல்வார். ஆனால் அவர் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். வில்லன் முதுகுக்குப் பின்னால் கத்தியை உருவும்போது அரங்கமே பதறுகிறது. "கத்திய எடுத்திட்டான் அண்ணை" என்பது காதில் விழுவதற்குள் அடுத்த வசனம் தொடங்கி, அதிலும் பாதி போய்விடுகிறது. முன்வரிசைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் சொல்பவரின் குரலும் ஒடுங்கிவிடும்.

ஒலி விவரணை என்பது திரையில் நடப்பதைச் சொல்லும் குரல்; வசனங்களுக்கு இடையிலுள்ள மௌனத்தை அளந்து முன்கூட்டியே எழுதிப் பதிவுசெய்யப்படுவது. கைத்தொலைபேசிச் செயலி அரங்கின் ஒலியை மைக் வழியாகக் கேட்டு, படம் எந்த இடத்தில் ஓடுகிறது என்று அறிந்து, உரிய விவரணையை இயர்போனில் தருகிறது; வீட்டிலேயே தரவிறக்கிக்கொண்டால் அரங்கில் டேட்டா தேவைப்படாது. கத்தி உருவப்படும் நொடியிலேயே செய்தி வந்துவிடுவதால் அரங்கத்தோடு சேர்ந்து அவரும் பதறலாம். இந்த ஒன்றுக்காகவே நான் இதை மற்ற வழிகளுக்கு மேலாக வைப்பேன். பாடல்களில் மட்டும் சிக்கல் உண்டு: ஒரே பாட்டுக்குள் காதல் வளர்ந்து கல்யாணம் வரை போகும்போது, விவரணை பேசினால் பாடல் வரிகள் போகும், பேசாவிட்டால் கதை போகும்.

நெட்ஃபிளிக்ஸ் 2015இல் விவரணையைத் தொடங்கியது. வீட்டில் நிறுத்தி, பின்னோக்கிக் கேட்கலாம். ஆனால் முதல் நாள் விசிலும் கைதட்டலும் அங்கே கிடையாது, தமிழ் விவரணையும் ஆங்கிலத்தின் அளவுக்குக் கிடைப்பதில்லை.

செயலி வழி விவரணைக்காக அரங்க உரிமையாளர் புதுக் கருவி எதையும் பொருத்த வேண்டியதில்லை. விவரணையைத் தயாரிப்பாளர் செய்து தர வேண்டும், அவ்வளவுதான். நமக்கு வரும் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை தமிழகத்தில் உருவாகின்றன. இந்திய அரசும் மார்ச் 2024இல் பார்வை, செவிப்புலன் குறைபாடுள்ளவர்களும் திரையரங்கில் படத்தை அனுபவிக்க வழிசெய்யும் அணுகல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. ஆகவே படத்தை இங்கே கொண்டுவரும் விநியோகஸ்தர்கள் விவரணையையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை கூட்டம் குறைந்த வாரநாள் காட்சியில், பின்வரிசை ஓரத்தில், அந்தப் படத்தை ஏற்கெனவே ஒருமுறை பார்த்த நண்பரோடு அமர்வதே நல்லது. கத்தி வரப்போவது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.