மேசையில் காத்திருக்கும் படம்: அட்டையா, மரமா, திரையா?

ராத்திரி சாப்பாடு முடிந்து, அடுப்படியைத் துடைத்து விளக்கை அணைத்த பிறகு எனக்கென்று ஒரு முக்கால் மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் ஜிக்சா அடுக்குகிறேன், துண்டு துண்டாக வெட்டிய படத்தை ஒன்றுசேர்க்கும் புதிர் அது. 2020 ஊரடங்கில் தொற்றிக்கொண்ட பழக்கம். அந்த வருடம் பல நாடுகளில் கடையில் ஜிக்சா பெட்டியே கிடைக்காத அளவுக்கு விற்றுத் தீர்ந்தது. ஊரடங்கு முடிந்ததும் நிறையப் பேர் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். என்னால் விட முடியவில்லை. நாள் முழுக்கக் கணினியைப் பார்த்த கண்ணுக்கும், யார் யாருக்கோ பதில் சொல்லிக் களைத்த மனதுக்கும் இதைவிட நல்ல ஓய்வு எனக்கு இதுவரை அமையவில்லை.

தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அட்டை வாங்கட்டுமா, மரத்தில் வருகிறதே, அதை வாங்கட்டுமா? இல்லை, போனிலேயே செயலி இருக்கிறதே, அது போதாதா?" விலையையும் துண்டு எண்ணிக்கையையும் வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். ஓய்வுக்காக அடுக்குகிறவர் பார்க்க வேண்டியது வேறு ஒன்று என்பது என் கருத்து. பாதியில் எழுந்து போனால் அது அப்படியே காத்திருக்குமா? நாளைக்கு அந்தப் பக்கம் போகிற யாராவது, நின்றபடியே ஒரு துண்டை வைத்துவிட்டுப் போக முடியுமா? இந்த இரண்டையும் வைத்துத்தான் மூன்றையும் பார்க்கிறேன்.

முதலில் பிறந்தது மரம்தான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர், செப்புத் தகட்டில் வரைபடம் பொறிக்கும் தொழில் செய்தவர், வரைபடத்தை மெல்லிய மகோகனிப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே ரம்பத்தால் அறுத்து விற்றார். பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லித்தரத்தான் அது. துண்டுக்குத் துண்டு பூட்டிக்கொள்ளும் நீட்டல்களெல்லாம் பிற்காலத்தில் வந்தவை.

இன்றைய மர ஜிக்சா பெரும்பாலும் லேசர் வெட்டு. பெட்டியைத் திறந்ததும் லேசாகக் கருகிய மர வாசனை வரும். துண்டின் விளிம்பு காபி நிறத்தில் இருக்கும். கையில் எடுத்தால் ஒரு கனம், வைத்தால் 'டொக்' என்று ஒரு சத்தம். இங்கிலாந்தின் வென்ட்வொர்த், அமெரிக்காவின் லிபர்ட்டி போன்ற நிறுவனத்தார் படத்துக்கு ஏற்றபடி சில துண்டுகளைப் பறவையாகவும் மீனாகவும் மனித உருவாகவும் வெட்டுகிறார்கள். அப்படி ஒரு துண்டு கையில் சிக்கும்போது வருகிற சந்தோஷத்தை அட்டை தராது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மரம் சட்டென்று பிடிகொடுக்காது. பல மரப் புதிர்களில் மூலையையே இரண்டாகப் பிளந்திருப்பார்கள். உள்ளே வருகிற துண்டுக்கும் நேர்க்கோடு ஒரு பக்கம் இருக்கும். ஓரத்தை முதலில் கட்டிக்கொள்ளலாம் என்ற வழக்கமான வேலை நடக்காது. என் கைக்கு 250 மரத்துண்டும் 500 அட்டைத்துண்டும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் பிடிக்கின்றன. பூட்டும் சிலவற்றில் தளர்வாக இருக்கும், பலகையைக் கொஞ்சம் நகர்த்தினால் பாதிப் படம் வழுக்கிவிடும். அப்புறம் விலை. நல்ல மரப் பெட்டி, அதே அளவு அட்டையைப் போல் சில மடங்கு ஆகும். எப்போதாவது ஒருமுறை பரிசாக வாங்க மரம் அருமை. திரும்பத் திரும்ப அடுக்கலாம், பல வருடம் உழைக்கும், பேரப்பிள்ளைக்கும் வைக்கலாம். தினசரி ராத்திரிக்கு என் தேர்வு அது இல்லை.

அட்டை வீடு வீடாகப் போனது கஷ்ட காலத்தில். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து வேலை போய்க்கொண்டிருந்தபோது, வாரம் ஒரு புதிய அட்டை ஜிக்சா பத்திரிகைக் கடையில் 25 சென்ட்டுக்குக் கிடைத்தது. மரத்தில் செய்தவற்றை நூலகத்திலும் மருந்துக் கடையிலும் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். ஒவ்வொரு துண்டாக ரம்பத்தால் அறுத்த காலம் போய், வளைத்துப் பொருத்திய எஃகுத் தகடுகளை ஒரே அழுத்தாக அழுத்தி முழுப் படத்தையும் வெட்டும் முறை வந்ததால்தான் அந்த விலை கட்டுப்படியானது. கையில் காசும் இல்லாமல் வேலையும் இல்லாமல் இருந்தவர்கள், ஒரு சாயங்காலத்தில் ஏதோ ஒன்றை முழுதாகச் செய்து முடித்தோம் என்ற நிறைவுக்காக அதைத் தேடிப் போயிருக்கிறார்கள். எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

அட்டையிலும் நல்லது கெட்டது உண்டு. பத்துத் துண்டைச் சேர்த்து, ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். உதிராமல் வந்தால் நல்ல வெட்டு. அட்டை சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். படத்தாள் விளிம்பில் உரிந்து வரக்கூடாது. ஜெர்மனியின் ராவென்ஸ்பர்க் ஊரில் 1883இல் தொடங்கிய ராவென்ஸ்பர்கர் நிறுவனத்தார், 1964 முதல் ஜிக்சா போடுகிறார்கள். அவர்கள் படத்தின் மேல்பரப்பு துணி நெசவு மாதிரி மெல்லிய சொரசொரப்போடு இருக்கும். நம் வீட்டு டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணைக் கூசாது. பளபள காகிதம் ஒட்டிய மலிவுப் பெட்டியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படிக் கழுத்து வலிக்கப் பார்ப்பதற்குப் பெயர் ஓய்வா?

மழைக்காலத்தில் அட்டை ஈரம் இழுக்கும். ஒருமுறை ஐப்பசியில் ஜன்னலோரம் விட்டுவைத்த படம் நடுவில் மெல்ல உப்பிக்கொண்டது. கனமான புத்தகங்களை இரண்டு நாள் மேலே வைத்த பிறகுதான் படிந்தது. பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் நல்லது.

வெட்டைப் பற்றிக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அட்டையில் இரண்டு வகை வெட்டு உண்டு. ரிப்பன் கட் என்பது குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டது. ரேண்டம் கட் என்பது மனம்போன போக்கில் வளைத்தது. ரிப்பன் கட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், இல்லை உள்வாங்கியிருக்கும். நீட்டலைக் காது என்றும் உள்வாங்கலைக் குழி என்றும் எங்கள் வீட்டில் சொல்வோம். கணக்குப் போட்டால் ஓரம் தவிர்த்த துண்டுகள் ஆறே வகைதான்: நாலு காது, நாலு குழி, மூன்று காது ஒரு குழி, ஒரு காது மூன்று குழி, இரண்டு காது எதிரெதிரே, இரண்டு காது பக்கத்துப் பக்கத்தில்.

கடைசியில் நீல வானம் மட்டும் மிஞ்சும்போது இந்த ஆறு வகைதான் கைகொடுக்கும். ஆறு வரிசையாகத் துண்டுகளை அடுக்கி வைத்துக்கொள்வேன். காலியான இடத்தைப் பார்ப்பேன்: மேலே காது வேண்டும், இடப்பக்கம் குழி வேண்டும். எந்தெந்த வரிசையில் தேடுவது என்று அப்போதே தெரிந்துவிடும். ஒன்று, இரண்டு, ஏழாவது துண்டு போய் உட்காரும். பார்ப்பவருக்கு அலுப்பாகத் தெரியலாம். எனக்கு அந்த நேரத்தில்தான் மனம் அடங்கும். வேறு எந்த யோசனையும் உள்ளே வராது. ரேண்டம் கட்டில் துண்டுக்குத் துண்டு முகம் வேறு. ஒரு துண்டைப் பார்த்த ஞாபகம் பளிச்சென்று நிற்கும், அதனால் வேகமாகவும் சுவையாகவும் போகும். ஆனால் வானத்தில் இப்படி வரிசை போட்டு அமைதியாகத் தேடுகிற சுகம் அதில் கிடைப்பதில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு ரேண்டம், பழகியவருக்கு ரிப்பன் என்றுதான் சொல்வேன்.

செயலிக்கு வருவோம். ரயிலில் போகும்போது, மருத்துவமனையில் காத்திருக்கும்போது, ஒரே அறை வீட்டில் மேசை போட இடமே இல்லாதபோது, செயலியை நான் குறைசொல்ல மாட்டேன். துண்டு தொலையாது, இடம் அடைக்காது, ஓரத்துண்டை மட்டும் பிரித்துக்காட்ட ஒரு பொத்தான் இருக்கும். கை நடுக்கம் உள்ள பெரியவர்களுக்கு டேப்லட்டில் பெரிதாக்கிப் பார்ப்பது உண்மையாகவே வசதி. ஆனால் போனில் படமே உள்ளங்கை அளவுதான். துண்டு அதன் இடத்துக்குப் பக்கத்தில் போனாலே தானாக ஒட்டிக்கொள்ளும். விரல் நுனியில் பூட்டு விழுகிற அந்தச் சின்ன அழுத்தம் வராது. நடுவில் அலுவலகக் குழுவிலிருந்து ஒரு செய்தி வந்து விழும். முக்கியமாக, மூடினால் படம் கண்ணிலிருந்தே போய்விடும். வீட்டில் இன்னொருவர் வந்து கைவைக்க வழியில்லை. காத்திருத்தல் என்ற என் அளவுகோலில் மூன்றில் கடைசி இதுதான்.

சரி, அட்டை என்று முடிவானால் 500ஆ, 1000ஆ? எல்லாரும் 1000 என்று பாய்கிறார்கள். துண்டின் அளவு இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றே. 500 முடிந்தால் ஏறத்தாழ 49 × 36 சென்டிமீட்டர், 1000 முடிந்தால் 70 × 50. ஆனால் வேலை இரண்டு மடங்கோடு நிற்காது. எந்த இரண்டு துண்டு சேரும் என்று பார்த்தால் 500இல் 1,24,750 ஜோடிகள், 1000இல் 4,99,500. நான்கு மடங்கு. எல்லாவற்றையும் யாரும் பொருத்திப் பார்ப்பதில்லை, நிறமும் படமும் வழிகாட்டும். இருந்தாலும் முதல் ராத்திரி அந்தக் குவியல் முன்னால் உட்காரும்போது தோள்பட்டையில் பாரம் ஏறுவது இதனால்தான்.

முதல் மூன்று பெட்டிக்கு 500 போதும். என் முக்கால் மணிக் கணக்கில் ஒரு வாரம் வரும், ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். ஸ்பெயினின் வல்லடோலிட் நகரில் 2019 முதல் நடக்கும் உலகப் போட்டியில் தனிநபர் பிரிவுக்கும் 500 துண்டுதான். அங்கே முதலிடத்தில் வருகிறவர்கள் முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அது விரலும் கண்ணும் செய்கிற அபாரமான வேலை. நமக்கு ஒரு வாரம் நீடித்தால்தான் நல்லது. இன்னொன்று: பெட்டியில் 1000 என்று போட்டிருந்தாலும் பலவற்றில் 38க்கு 27 என்று கட்டம் போட்டு 1026 துண்டு இருக்கும். அதில் 126 ஓரத்துண்டு. எண்ணிப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எண்ணிக்கையைவிட மனநிலையைத் தீர்மானிப்பது படம். மஞ்சள் வயலும் நீல வானமும் கண்ணுக்கு அழகு, கைக்குக் கடினம். கடைத்தெரு, புத்தக அலமாரி, சமையலறை மாதிரி பொருள் நிறைந்த படங்கள் சுலபமாக ஓடும். ஓவியங்களில் வான்கோவின் 'நட்சத்திர இரவு' எனக்குப் பிடித்தது. முழுக்க நீலம் என்று பயந்துதான் தொடங்கினேன். ஒவ்வொரு துண்டிலும் தூரிகை எந்தப் பக்கம் சுழன்றிருக்கிறது என்று தெரிகிறது, அதைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் ஸ்பிரிங்பாக் நிறுவனம் 1960களில் ஜாக்சன் பொல்லாக் என்ற ஓவியர் வண்ணங்களைத் தெளித்து வரைந்த 'கன்வெர்ஜென்ஸ்' ஓவியத்தை 340 துண்டாக வெட்டி, உலகத்திலேயே கடினமானது என்று சொல்லி விற்றது. சவாலுக்கு அது சரி. ஓய்வுக்கு வேண்டாம். நம் கோபுரங்களில், நிற நிறமாகச் சுதைச் சிற்பங்கள் நெருக்கியடித்து நிற்கும் மதுரை மீனாட்சி கோயில் கோபுரம் போன்ற ஒன்று நல்ல அச்சில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அதைப்போல் அடுக்க வசதியான படம் குறைவு.

குடும்பப் புகைப்படத்தை ஜிக்சாவாகப் போட்டுத்தரும் கடைகளும் இருக்கின்றன. ஒருவர் முகத்தைப் பெரிதாகக் காட்டும் படத்தைவிட, பத்துப் பேர் நிற்கும் கல்யாணப் படம் தருவது நல்லது. முகமும் புடவை ஜரிகையும் வழிகாட்டும். நான் ஒரு கடையில் செய்து வாங்கியதில் இரண்டு துண்டு வரவே இல்லை, அட்டையும் மெலிது. அத்தையின் வலது கை இருக்கும் இடம் இன்றும் காலி. முதலில் சிறிய அளவில் ஒன்று செய்து பார்த்துவிட்டுப் பெரிதாகக் கொடுங்கள்.

எங்கே அடுக்குவது என்பதும் வாங்குவதற்கு முன்பே முடிவாக வேண்டும். சுருட்டி வைக்கும் பாய் ஒன்று விற்கிறது. சுருட்டினால் அதோடு படமும் மறைந்துவிடும், பிரிக்கும்போது ஓரங்கள் கலையும். நான் தச்சரிடம் சொல்லி 80 × 60 சென்டிமீட்டரில் ஒரு பிளைவுட் பலகை அறுத்து வாங்கினேன், சுற்றிலும் விரல் உயரத்துக்குச் சட்டம். சாப்பாட்டு மேசையில் இருக்கும். விருந்தாளி வந்தால் கட்டிலுக்கு அடியில் போகும். காலையில் வீடு துடைக்க வருகிற அக்காவுக்கும் அது தொல்லையில்லை. போகிற போக்கில் அவரே இரண்டு துண்டு வைத்ததுண்டு.

அப்பா உட்கார்ந்து அடுக்க மாட்டார். காலை காபி டம்ளரோடு பலகைப் பக்கம் வந்து நிற்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ஏம்மா, இது அந்தப் பச்சை ஜன்னலுக்குத்தானே?" என்பார். நான் உள்ளேயிருந்து "வைத்துப் பாருங்கப்பா" என்பேன். சில நாள் உட்காரும், சில நாள் உட்காராது. ராத்திரி நான் வந்து பலகையைப் பார்க்கும்போது, நேற்று காலியாக இருந்த ஜன்னலில் ஒரு துண்டு ஏறியிருக்கும்.