நீராவி எஞ்சின் கண்காட்சியா, நீராவி ரயில் பயணமா?

விடுமுறை நாளில் கணவனும் மனைவியுமாகப் போய்வர எது நல்லது? என் ஓட்டு கண்காட்சிக்குத்தான்.

ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகலாம். கால் வலிக்காது, மழைக்கும் கவலையில்லை. ஆனால் எஞ்சின் எங்கோ முன்னால் இருக்கும். புகையும் ஊதல் சத்தமும்தான் நமக்கு.

கண்காட்சித் திடலில் அது பக்கத்திலேயே நிற்கும். தண்டவாளம் இல்லாமல் சாலையிலேயே ஓடிய பழைய நீராவி எஞ்சின்களில் சிலிண்டர் கொதிகலனின் முதுகில் இருப்பதால், பிஸ்டன் தண்டு போய்வருவது கண்ணெதிரே தெரியும். ஃப்ளைவீல் என்ற பெரிய சுழல்சக்கரத்தில் பெல்ட் மாட்டி மரம் அறுப்பார்கள், கதிர் அடிப்பார்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் ஆடுவதைக் கவனியுங்கள். அது மிகவும் இறங்கினால் நெருப்பறையின் கூரை காய்ந்துவிடும். அங்கே திருகியிருக்கும் அடைப்பானின் ஈயம் உருகி, நீராவி சீறிப் பாய்ந்து எச்சரிக்கும். தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும் என்பதை நினைத்தால், அந்தச் சின்ன ஈயத்துண்டின் அருமை புரியும்.

காலையிலேயே போய்விடுங்கள். குளிர்ந்த கொதிகலன் சூடேறச் சில மணி நேரம் ஆகும். எஞ்சின்காரர்கள் எண்ணெய் விட்டபடியே நிதானமாகப் பேசுவது அப்போதுதான்.

இருவரில் ஒருவருக்கு மட்டும்தான் எந்திரப் பித்து என்றால், ரயிலே மேல். எங்கே போனாலும் வெள்ளைச் சட்டை வேண்டாம், கரித்தூள் படியும்.